நாற்பது எழுத்தும் பார்த்தாச்சு

எங்க ஊர்ல கம்ப்யூட்டர்ல எதை இறக்குனாலும் அது கம்பி வழியா வராது, சாயங்காலம் நாலு பத்து பஸ்ல வரும். ஏன் அப்படின்னு என்கிட்ட கேக்காதீக; கேட்டவுக கேட்டுக்கிட்டேதான் இருக்காக, பஸ்ஸும் வந்துக்கிட்டேதான் இருக்கு. நூலகத்துல உக்காந்து பட்டனைத் தட்டிட்டு வீட்டுக்குப் போயிரலாம், ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சு மேலப்புளியூத்து பஸ் ஸ்டாண்டுல பின்படிக்கட்டு வழியா ஒரு ஆள் இறங்குவாரு, இஸ்திரி கலையாத சட்டை, தூசி ஒட்டாத செருப்பு, கையில ஒரு பித்தளைத் தகடு, ரேஷன் கடைத் தராசுக்கு வந்திருக்கேன்னோ, தண்ணி மோட்டாருக்கு வந்திருக்கேன்னோ ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவாரு, சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சிருவாரு. எங்கயும் போக மாட்டாரு. கடலைமிட்டாய்க் கடையில இருந்து கழிப்பிடம் வரைக்கும், கழிப்பிடத்துல இருந்து திரும்பக் கடலைமிட்டாய்க் கடை வரைக்கும், நடந்துக்கிட்டே இருப்பாரு, ஏன்னா சரிபார்க்காத வரைக்கும் அவுகளால உக்கார முடியாது.

முதல் ஆள் வந்து இறங்குனப்ப ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்துச்சு, ரெண்டாவது வாரம் சலிச்சுப்போச்சு. கண்டக்டர் மட்டும் இவுகளுக்கு முழு டிக்கெட்டா, லக்கேஜான்னு மூணு மாசம் மல்லுக்கட்டி, கடைசியில லக்கேஜ்னு முடிவாச்சு. பஞ்சாயத்துல அவுகளுக்குன்னு ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டாக. உக்கார முடியாதவுகளுக்கு எதுக்குய்யா பெஞ்சுன்னு நான் கேட்டேன், சரிபார்த்த பிறகு உக்காருவாகல்லான்னு சொல்லி என் வாயை அடைச்சிட்டாக. தண்ணி குடிப்பாக, டீ வேண்டாம்பாக. சில பேரு தனியா வர மாட்டாக. போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒண்ணே ஒண்ணை இறக்குனதுக்குப் பதினேழு பேரு வந்து இறங்கி, இவர் இல்லாம நான் உள்ள போக மாட்டேன், அவர் இல்லாம இவர் போக மாட்டாருன்னு ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நடந்ததுல அன்னைக்கு பஸ்ஸைத் திருப்ப இடமில்லாமப் போச்சு. சரிபார்த்து முடிஞ்ச ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மெஷின் முன்னாடி நாற்காலி போட்டு உக்கார வச்சா, நாம கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஆள் இருக்க மாட்டாரு, நாற்காலியில கொஞ்சம் சூடு இருக்கும், மெஷின் ஓட ஆரம்பிச்சிருக்கும்.

சரிபார்க்கிறது எப்படின்னு சொல்லிருதேன், இல்லன்னா பின்னால நடந்தது புரியாது. எங்க ஊருக்கு வேண்டியது எல்லாமே கடல் தாண்டி இருக்கிற ஒரே களஞ்சியத்துல இருந்துதான் வரும். அங்க ஒருத்தி இருக்கா, அவ கையெழுத்துப் போடாம ஒரு ஆளும் வெளிய கிளம்ப முடியாது, அந்தக் கையெழுத்து வர்றவரோட உள்ளங்கையில வரிவரியா ஓடும். வழியில எவனாவது பிடிச்சு நிறுத்தி, சட்டைப் பொத்தான் ஒண்ணை மாத்தித் தச்சு அனுப்பினாக்கூட கையில வரி கலைஞ்சு போயிரும். நூலகர் ஆவுடையப்பன் அந்த உள்ளங்கையைப் பித்தளைத் தகட்டு மேல வச்சு அழுத்துவாரு. தகட்டு வரியும் கை வரியும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சுதுன்னா, ஆள் ஒரு பெருமூச்சு விட்டு பெஞ்சுல உக்காந்திருவாரு.

சரி, தகட்டையும் அந்த ஆளேதான கொண்டு வாறாரு? களவாணிப் பயலும் தன் கைக்குப் பொருந்துற மாதிரி ஒரு தகட்டை அடிச்சுக் கொண்டாந்திர முடியும்லா? அதுக்குத்தான் நாப்பது எழுத்து. தகட்டு விளிம்புல அந்தத் தகட்டோட ரேகைன்னு நாப்பது எழுத்து பொறிச்சிருக்கும், சைபர்ல இருந்து ஒம்போது வரைக்கும் எண்ணு, ஏ-யில இருந்து எஃப் வரைக்கும் இங்கிலீஷ் எழுத்து, நாலு நாலா பத்துக் கொத்து. நிஜமான நாப்பது எதுன்னு அந்தக் கையெழுத்துக்காரி நூலகருக்குப் போன்ல படிச்சுச் சொன்னா. அது போதாதுன்னு, வெளிநாட்டுல நர்ஸு வேலை பார்க்கிற எங்க ஊர்ப் பிள்ளை ஒண்ணு நேர்ல போய் எழுதி வாங்கிட்டு வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா இருக்கிறதைப் பார்த்த பிறகுதான் ஊர்த் தண்ணித் தொட்டியில நீலப் பெயிண்டுல ஆளுயர எழுத்தா எழுதி வச்சோம். ஆள் வர்ற வழியிலயே சாட்சியும் வரக் கூடாதுன்னு நூலகர் ஒத்தக் கால்ல நின்னாரு. தகட்டைத் தொட்டியோட ஒத்துப் பார்த்து, நோட்டுல 'நாற்பது எழுத்தும் பார்த்தாச்சு'ன்னு எழுதிக் கீழ கையெழுத்துப் போடுறது பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் வேலை. அந்த டைம் கீப்பர் நான்தான், கொம்பையா. பதினோரு வருசமா போட்டுக்கிட்டு இருக்கேன்.

இப்ப ஒண்ணு சொல்லணும், சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்துதேன். தொட்டி உருண்டை. எழுத்து அதைச் சுத்தி வட்டமா ஓடுது, அதனால ஆரம்பமும் முடிவும் பக்கத்துப் பக்கத்துல, பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி வந்து நிக்குது. என் கூண்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா முதல் ரெண்டு கொத்தும் கடைசி ரெண்டு கொத்தும் கண்ணாடி போடாமலே தெரியும். நடுவுல உள்ள ஆறு கொத்து அந்தப் பக்கம். அங்க போகணும்னா சீமைக்கருவேல முள்ளுக்குள்ள நுழைஞ்சு போகணும், போயிட்டு வர்றதுக்குள்ள இங்க ரெண்டு பஸ்ஸு வந்து நேரம் கேட்டு ஹாரன் அடிக்கும், யாரு போவா? முதலும் கடைசியும் சரியா இருக்கும்போது நடுவுல என்ன கெட்டுறப் போகுதுன்னு ஜன்னல்ல இருந்தே பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நான் மட்டுமா? எங்க பக்கத்துப் பிள்ளைக எல்லாம் முதல் ரெண்டையும் கடைசி ரெண்டையும் பாட்டா பாடும், நடுவுல என்னடான்னு கேட்டா 'அந்தப் பக்கம்'னு ஒரு தாளம் போட்டுட்டு கடைசிக்குப் போயிரும். வருசா வருசம் பொங்கலுக்குப் பஞ்சாயத்து பெயிண்டு அடிக்கிறதும் இந்தப் பக்கம் மட்டும்தான்.

உலகம்மாளுக்கு ஒரே பிள்ளை, கோபிகா, பத்து வயசு. சின்ன வயசுலயே சர்க்கரை வந்த பிள்ளை, இடுப்புல சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கும், அதுதான் நேரம் பார்த்து இன்சுலினை உடம்புக்குள்ள விடும். அந்தப் பெட்டிக்குள்ள இருந்த பழைய புரோகிராம்ல ஏதோ கோளாறு, வேண்டியதுக்கு மேல மருந்தை விட்டு, பிள்ளை பள்ளிக்கூடத்துல பிரேயர்ல நிக்கும்போது ரெண்டு தடவை சாஞ்சிருச்சு. ரெண்டாவது தடவை கண்ணு முழிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. களஞ்சியத்துல கோளாறைக் கண்டுபிடிச்சுப் புதுசு போட்டிருக்காக, உடனே மாத்துங்கன்னு சொல்லவும், திங்கக்கிழமை காலையில உலகம்மாள் நூலகத்துல போய்ப் பட்டனைத் தட்டுனா. தட்டிட்டுப் பெட்டியைக் கழட்டி வச்சிட்டு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிள்ளை விரலைக் குத்திப் பார்த்து, கணக்குப் போட்டு ஊசி போட்டுக்கிட்டு, புது ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. பிள்ளை விரல் நுனி எல்லாம் புள்ளி புள்ளியாப் போச்சு. அவளுக்கும் உக்கார முடியல. நாலு பத்துக்கு முந்தியே வந்து, இறங்குற ஆளுகளோட சேர்ந்து அவளும் கடலைமிட்டாய்க் கடைக்கும் கழிப்பிடத்துக்கும் நடந்தா, யாரு வந்த ஆள், யாரு ஊர் ஆளுன்னு தெரியல.

செவ்வாக்கிழமை வேற எதுக்கோ வந்த ஆள்தான் இறங்குச்சு. அன்னைக்குக் காலையில காலனியில இருந்து ஒரு பொம்பளை என் ஜன்னல்ல வந்து நின்னு, எங்க தெருவுல மினி பஸ்ல ஒருத்தர் வந்து இறங்கியிருக்காரு சார்னு என்னமோ சொன்னா. ஆள் எல்லாம் பெரிய பஸ்லதான் வரும், மினி பஸ்ல வராது, அப்புறம் பார்ப்போம்னு சொல்லி அனுப்பிட்டேன். புதன்கிழமையும் வந்தா, சாயங்காலம் பஸ்ஸு வரட்டும்னு சொன்னேன். டவுன் பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கான், அவன்கிட்டப் பேசுவேனா, இவகிட்டப் பேசுவேனா?

வியாழக்கிழமை நாலு பத்து பஸ்ஸு நாலு முப்பதுக்கு வந்துச்சு. பின்படிக்கட்டுல ஒரு ஆள் இறங்குனாரு, வெள்ளைச் சட்டை, நல்ல களையான முகம். கோபிகாவோட பெட்டிக்கு வந்திருக்கேன்னு சொன்னாரு. உலகம்மாள் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டா. நூலகர் சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்து உள்ளங்கையைத் தகட்டுல வச்சு அழுத்துனாரு, வரியோட வரி படிஞ்சுது, ஆள் பெருமூச்சு விட்டு பெஞ்சுல உக்காந்தாரு. நான் ஜன்னல் வழியாத் தொட்டியைப் பார்த்தேன். முதல் கொத்து ஒம்போது எஃப் மூணு ஏ, சரி. ரெண்டாவதும் சரி. கடைசிக்கு முந்துனதும் சரி. கடைசி பி ரெண்டு ரெண்டு ஏழு, சரி. நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் காலனிப் பொம்பளை மூணாவது தடவையா வந்து ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. வந்தாச்சும்மா, உக்காந்தும் ஆச்சு, போன்னு சொல்லிட்டேன்.

கூடி நின்னவுக எல்லாம் உலகம்மாளைப் பார்த்து, கூட்டிட்டுப் போடி, பிள்ளை காத்துக்கிட்டு இருக்குன்னு விரட்டுதாக. அவ நகரல. அவளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல செக்கிங் வேலை, பதினாலு வருசமா ஒவ்வொரு பெட்டியையும் திருப்பி, ரெண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கான்னு பார்த்துட்டுத்தான் கீழ வைப்பா. அந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. பித்தளைத் தகட்டை வாங்கித் திருப்புதா, மறுபடி திருப்புதா, விளிம்பைத் தடவுதா, அண்ணாந்து தொட்டியைப் பார்க்கா. அப்புறம் நேரா என் ஜன்னலுக்கு வந்தா.

"நாப்பதும் பாத்தீகளா அண்ணாச்சி?"

"நோட்டுல எழுதியிருக்குல்லா?"

"நோட்டைக் கேக்கல. உங்களைக் கேக்கேன்."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துட்டு. பதினோரு வருசத்துல இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. நூலகர்கூடக் கேட்டதில்ல, அவரு என் நோட்டை அப்படியே நம்புவாரு, அவரு நம்புதாருன்னு தெரிஞ்சும்தான் நான் ஜன்னலை விட்டு எந்திரிக்காம இருந்திருக்கேன். பாத்தாச்சு, பாத்தாச்சுன்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லும்போது எனக்கே என் குரல் பிடிக்கல.

"அப்ப வாங்க. அந்தப் பக்கம் வந்து எனக்குக் காட்டுங்க. இது என் பிள்ளை உடம்புக்குள்ள போறது."

எந்திரிச்சேன். வேற வழி இல்ல. கூட்டத்துல முணுமுணுப்பு, நல்ல நேரத்துல இவ ஒருத்தி இழுத்தடிக்கான்னு ஒருத்தர், பிள்ளைக்கு அடுத்த ஊசி நேரம் வந்திரும்னு ஒருத்தர், பெஞ்சுல உக்காந்த ஆளை இதுவரைக்கும் யாராவது சந்தேகப்பட்டது உண்டான்னு ஒருத்தர். உலகம்மாள் தகட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு முள்ளுக்குள்ள நுழைஞ்சா, நானும் பின்னாலயே போனேன், என் பேண்ட்டு கிழிஞ்சுது, அவ சேலை கிழிஞ்சுது, அவ ஒரு தடவைகூட நின்னு முள்ளை எடுக்கல. உள்ளபடிக்கு எனக்கு அப்பப் பயமே இல்ல, பெயிண்டு உதிர்ந்து போயிருக்கும், எழுத்தே தெரியாது, தெரியலன்னா அவளும் என்னதான் செய்வான்னு ஒரு கேடுகெட்ட நெனப்புதான் ஓடுச்சு.

முள்ளு ஒரு அறுபது காலடி தூரந்தான். அதைத் தாண்டினா அந்தப் பக்கம் முள்ளே இல்ல. கூட்டிப் பெருக்குன தெரு, தொட்டியை அணைச்ச மாதிரி வளைஞ்சு போகுது, வரிசையா வீடு, வாசல்ல குழாய், குழாயடியில குடம். காலனி இங்கதான் இருக்குன்னு எனக்குத் தெரியும், தெரியாம என்ன, ஆனா தெரியிறதும் வந்து நிக்கிறதும் ஒண்ணா? நிமிர்ந்து பார்த்தேன். ஆறு கொத்தும் பளிச்சுன்னு இருக்கு, எங்க பக்கத்தை விட நல்லாவே இருக்கு. பஞ்சாயத்து வராததைப் பார்த்து அவுகளே ஏணி கட்டி, வருசத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்புல நீலம் கலந்து எழுதிக்கிட்டு வந்திருக்காக.

குழாயடியில குடத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ, மூணு நாளா என் ஜன்னலுக்கு வந்த அதே பொம்பளை. பேரு சந்தனமாரி, அன்னைக்குத்தான் கேட்டேன். உலகம்மாள் தகட்டைத் திருப்பி, மூணாவது கொத்தை எழுத்துக் கூட்டிப் படிச்சா. ரெண்டு, இ, அஞ்சு, எட்டு. சந்தனமாரி தொட்டியைத் திரும்பியே பார்க்கல. குடத்தை இடுப்புல ஏத்திக்கிட்டே, மூணாவது சி ஏழு ஏழு ஒண்ணுன்னு சொன்னா. நாலாவது? அதுவும் இல்ல. அஞ்சாவது, ஆறாவது, எதுவுமே இல்ல. ஆரம்பமும் முடிவும் மட்டும் அச்சுல வார்த்த மாதிரி நம்மளது, நடு முழுக்க எவனுடையதோ. நாங்க எவ்வளவு தூரம் பார்ப்போம்னு தெரிஞ்சவன் எவனோ அளந்து செஞ்சிருக்கான்.

உலகம்மாள் குழாயைப் பிடிச்சுக்கிட்டா. அப்பத்தான் தெருக்கோடியில இருந்து ஒரு ஆள் வாறாரு. இஸ்திரி கலையாத சட்டை, கையில தகடு, தெருவோட அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருக்காரு, பின்னால அஞ்சாறு பிள்ளைக அவரை மாதிரியே கையை வீசிக்கிட்டு வரிசையா நடக்கு. உலகம்மாளைப் பார்த்ததும், கோபிகாவோட பெட்டிக்கு வந்திருக்கேன்னு சொன்னாரு.

"செவ்வாக்கிழமையில இருந்து நடக்காரு சார்," சந்தனமாரி சொன்னா. "நடு ஆறு கொத்தும் நாங்க பாத்துட்டோம், சரியா இருக்கு. ஆரம்பமும் முடிவும் எங்க பக்கம் தெரியாது. அதைப் பாத்துச் சொல்ல உங்களைக் கூப்பிடத்தான் வந்தேன்."

நான் திரும்பி முள்ளுக்குள்ள ஓடினேன், அம்பத்தி நாலு வயசுல ஓடினேன், பஸ் ஸ்டாண்டுல நின்ன அத்தனை பேரையும் கத்திக் கூப்பிட்டு, நூலகரையும் இழுத்துக்கிட்டு வந்தேன். தொட்டியைச் சுத்தி நிக்கணும், ஒரு இடத்துல நின்னா யாருக்கும் நாப்பதும் தெரியாது, அதனால எங்க பக்கத்து ஆளுக எங்க பக்கம், காலனி ஆளுக அவுக பக்கம், முள்ளுக்குள்ள நின்னவுக முள்ளுக்குள்ளயே. உலகம்மாள் அந்த நடக்கிற ஆளோட தகட்டைப் பிடிச்சுக்கிட்டா. நான் முதல் கொத்தைச் சத்தமாச் சொன்னேன், ரெண்டாவதைக் கடலைமிட்டாய்க் கடைக்காரர் சொன்னாரு, மூணாவது அந்தப் பக்கம் போச்சு, காலனிப் பிள்ளைக ஒரே குரலாச் சொல்லுதுக, நாலு, அஞ்சு, ஆறு, சத்தம் தொட்டியைச் சுத்திப் போகுது, ஏழு, எட்டு, ஒவ்வொரு கொத்துக்கும் உலகம்மாள் இருக்குன்னு சொல்லுதா, ஒம்போது எங்க பக்கம் வந்து சேர்ந்துச்சு, பத்தாவது கொத்தைச் சொல்லி முடிச்சதும் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து கடைசியா ஒரு 'இருக்கு' கேட்டுச்சு. பதினோரு வருசத்துல நாப்பது எழுத்தையும் முழுசா நான் கேட்டது அன்னைக்குத்தான். நூலகர் அந்த ஆளோட உள்ளங்கையைத் தகட்டுல வச்சாரு. அவரு பெஞ்சைத் தேடல, நாற்காலியைத் தேடல, இஸ்திரி போட்ட பேண்ட்டோட தெருப்புழுதியிலயே உக்காந்து கண்ணை மூடிக்கிட்டாரு. மூணு நாள் நடந்த காலு.

நான் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புனப்ப அந்தக் களையான முகத்துக்காரர் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு நின்னுக்கிட்டு இருந்தாரு, யாரும் ஒண்ணும் சொல்லல, அவராவே எந்திரிச்சிருக்காரு. நூலகர் அவரு சட்டைப் பையில இருந்த காகிதத்தை எடுத்துப் படிச்சுட்டு என்கிட்ட நீட்டுனாரு. பிள்ளைக்கு மருந்து விடுற கணக்கு அது. எல்லா வரியும் சரியா இருக்கு, ஒரே ஒரு வரியில மட்டும் ஒண்ணுன்னு இருக்க வேண்டிய இடத்துல பத்துன்னு இருக்கு. கோபிகா மறுநாள் காலையில எந்திரிச்சிருக்காது, அதுக்குக் கீழ என் கையெழுத்து இருந்திருக்கும். அடுத்த பஸ்ஸு எப்பன்னு அந்த ஆள் கேட்டாரு. அஞ்சு இருபதுன்னு சொன்னேன், சொல்லாம என்ன செய்ய, அதுதான என் வேலை.

உலகம்மாள் நிஜ ஆளோட கையைப் பிடிச்சு முள்ளு வழியாவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. நாற்காலி சூடாச்சு, பெட்டி ஓட ஆரம்பிச்சுது, கோபிகா இப்ப ஓட்டப் பந்தயத்துல எல்லாம் ஓடுது. முள்ளையும் வெட்டியாச்சு, அந்த வார ஞாயித்துக்கிழமையே ரெண்டு பக்கத்து ஆளுகளும் அருவாளை எடுத்துட்டு வந்து வெட்டினாக. ஒவ்வொரு ஆள் வரும்போதும் தொட்டியைச் சுத்தி நின்னு சொல்லுறது இப்பப் பழக்கமாப் போச்சு, கண்டக்டர்கூட வண்டியை நிறுத்திட்டு ஒரு கொத்து சொல்லிட்டுத்தான் போறாரு.

அன்னைக்கு அந்த ஜன்னல்ல இருந்து எந்திரிச்சவன்தான் நான், இன்னைக்கு வரைக்கும் என்னால உக்கார முடியல. கூண்டுல நின்னுக்கிட்டேதான் நேரம் எழுதுதேன், நின்னுக்கிட்டேதான் சாப்பிடுதேன், பஸ்ஸு இல்லாத நேரத்துல கடலைமிட்டாய்க் கடைக்கும் கழிப்பிடத்துக்கும் நடக்கேன், கொம்பையாவை இன்னும் யாரும் சரிபார்க்கல போலன்னு பயலுக சிரிக்கானுக. தினமும் தொட்டியை ஒரு சுத்து சுத்தி வருவேன். போன வாரம் அப்படிப் போகும்போது சந்தனமாரி வீட்டுக்குள்ள இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துட்டு வந்து, முந்தானையால துடைச்சு எனக்கு முன்னால போட்டா.

"உக்காருங்க சார், எவ்வளவு நேரம்தான் நிப்பீக."

முட்டியை மடக்கிப் பார்த்தேன், மடங்கல. மூணு நாள் அவ என் ஜன்னலுக்கு வெளிய வெயில்ல நின்னா. அந்த மூணு நாளும் என் கூண்டுல ரெண்டு நாற்காலி கிடந்துச்சு. ஒண்ணுல நான் இருந்தேன், இன்னொண்ணுல என் சாப்பாட்டுப் பை இருந்துச்சு.